கைப்பட்டையின் நிறம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் சுடலைக்கண்ணு எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பட்டாளம் எங்கே என்று கேட்டால் பாத்திரக்கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே கையைக் காட்டுவார். பழைய அரிசிக் கிட்டங்கி ஒன்றின் சுவரோரம் தார்ப்பாய் இழுத்துக் கட்டிய கடை அது. இலைத் திட்டுகள் போட்ட கால்சட்டைகள், மணல் நிற பூட்ஸ், முன்னும் பின்னும் பைகள் தைத்த மார்புச் சட்டைகள், முழங்கால் கவசம், கண் மட்டும் தெரிகிற குளிர்த்தொப்பி எல்லாம் கயிற்றில் தொங்கும். கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் தோள்பட்டைச் சின்னங்களும் மெடல் ரிப்பன்களும் இருக்கும்.

பைக்கில் மலை ஏறப் போகும் பையன்கள் வருவார்கள். என்.சி.சி. பிள்ளைகள் வருவார்கள். குடியரசு தினம் நெருங்கும்போது ஓய்வுபெற்ற பட்டாளக்காரர்கள் நைந்துபோன ரிப்பனை மாற்ற வருவார்கள். அவர்கள் வந்தால் சுடலைக்கண்ணு ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்பான். மற்றவர்களுக்கு எழுந்திருக்க மாட்டான்.

அவன் ஒருநாளும் பட்டாளத்தில் இருந்தவனில்லை. ராதாபுரம் பக்கத்துக்காரன். பதினேழு வயதில் சாலையில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வந்தான். பாங்கோடு மைதானத்தில் பட்டாளத்துக்கு ஆளெடுப்பு நடந்தபோது கடைக்காரரிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஓடப்போனான். ஓட்டத்தில் தேறினான். கம்பியில் தொங்கி எழுவதில் தேறினான். மார்பளவிலும் குறையில்லை. கடைசியில் மருத்துவர் ஒரு புத்தகத்தை விரித்து வைத்தார். பக்கம் முழுக்கப் புள்ளிகள். நடுவில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். முதல் பக்கத்தில் மட்டும் ஒரு எண் தெரிந்தது. பிறகு அவர் திருப்பிய பக்கங்களிலெல்லாம் அவனுக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன.

"சிவப்பும் பச்சையும் உனக்குப் பிரியலை. போகலாம்" என்றார் அவர்.

அதுவரை அவனுக்கே அது தெரியாது. மிளகாய் பழுத்ததா காயா என்று எல்லோரும் தொட்டுப் பார்த்துத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தான். ஜவுளிக்கடையில் தப்பான சேலையை எடுத்துப் போட்டு ஏச்சு வாங்கியதற்கெல்லாம் அன்றைக்குத்தான் காரணம் விளங்கியது.

ஊருக்குத் திரும்பவில்லை. சில வருடம் கழித்து டெல்லிக்கு ரயிலேறிப் போய்ப் பட்டாள மாதிரித் துணிமணிகளை மொத்தமாக வாங்கி வந்து இந்தக் கடையைப் போட்டான். எந்தத் தோளில் எந்தச் சின்னம் என்பது அவனுக்கு மனப்பாடம். கையில் மூன்று பட்டை இருந்தால் ஹவில்தார், தோளில் மூன்று நட்சத்திரம் இருந்தால் கேப்டன், சிங்கம் மட்டும் இருந்தால் மேஜர். ரிப்பன்கள்தான் தொந்தரவு. அவற்றின் அடையாளமே நிறம். அவன் மனைவி இசக்கிசெல்வி ஒவ்வொரு ரிப்பன் சுருளுக்குப் பின்னாலும் பேனாவால் பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்திருந்தாள். தொப்பியைத் தரையில் வைக்கமாட்டான். வீடியோ எடுக்கிற பையன்கள் வந்து மேஜர் சின்னம் கேட்டால், ஸ்டாக் இல்லை என்பான்.

ஒவ்வொரு ஜனவரியிலும் பாறசாலையிலிருந்து தங்கப்பன் என்ற ஓய்வுபெற்ற சுபேதார் வருவார். ஒருமுறை அவர் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீ பட்டாளத்தில சேர்ந்திருந்தா நல்ல ஒரு ஹவில்தார் ஆயிருப்பே, கேட்டோ" என்றார். சும்மா சொன்னதுதான். சுடலைக்கண்ணு அதைப் பல நாள் இசக்கிசெல்வியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கிட்டங்கியில் மூட்டை சுமக்கிற மஹேஷ் அவனுக்கு நெருக்கம். போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். அப்பா இல்லை. அம்மா ஆவுடைத்தாய் கொழுந்து கிள்ளியவள். எஸ்டேட்டில் வேலை நின்ற பிறகும் கம்பெனி கொடுத்த, ஓட்டை விழுந்த லயத்து வீட்டை விட்டு இறங்கி வர மனசில்லாமல் அங்கேயே இருந்தாள். அம்மாவுக்கு மலையடிவாரத்து விதுரையில் கான்கிரீட் கூரை போட்ட ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்பது மஹேஷின் பேச்சு. மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு கடைக்குள் வந்து உட்காருவான். தொங்குகிற மார்புச் சட்டைகளை முகர்ந்து பார்த்து, "அண்ணாச்சி, இதெல்லாம் மண்ணெண்ணெய் வாடை அடிக்கி" என்பான்.

லிபின் என்பவன் வந்தது ஒரு டிசம்பரில். நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஆபீஸ் வைத்திருப்பதாகச் சொன்னான். குளிருக்கு உள்ளே போடும் உடுப்பும் கனத்த பூட்ஸும் நிறைய வேண்டும் என்றான்.

"இவ்வளவு எதுக்கு?" என்று கேட்டான் சுடலைக்கண்ணு.

"ரஷ்யாவுக்கு ஆள் போகுது, சேட்டா. ஹெல்பர் வேலை. ஆர்மி கேம்ப்பில கிச்சன், ஸ்டோர், லோடிங்."

"யுத்தம் நடக்குத இடமில்லையா அது?"

"யுத்தம் எவிடயோ. இது கேம்ப். ரெண்டும் ரெண்டல்லே."

மஹேஷ் சோற்றை மென்றுகொண்டே நிமிர்ந்தான். சம்பளம் கேட்டான். லிபின் சொன்ன தொகையைக் கேட்டு மெல்லுவதை நிறுத்தினான். சுடலைக்கண்ணு வேறொன்று கேட்டான்.

"உடுப்பு தருவாங்களா?"

"பின்னே? ஆர்மி யூனிஃபார்ம்தான் எல்லாருக்கும்."

"கண்ணு டெஸ்ட் உண்டா?"

லிபின் சிரித்தான். "சாம்பார் கலக்குறதுக்குக் கண்ணு டெஸ்டா?"

கரமனை ஆற்றோரத்து வாடகை வீட்டில் அன்று சாயங்காலமே சண்டை. கடை நன்றாக ஓடும்போது எதற்காகப் போகவேண்டும் என்று இசக்கிசெல்விக்குப் புரியவில்லை. மஹேஷைத் தனியே விட முடியாது, சின்னப் பயல், ரெண்டு வருடத்தில் வந்துவிடலாம் என்று அவன் என்னென்னவோ சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மஹேசுக்காகப் போகல. சம்பளத்துக்காகவும் போகல. அந்த உடுப்பு போட்டுப் பாக்கணும். அதானே?"

அவன் போவதற்கு முந்திய நாள் கடைச் சாவியை அவளிடம் கொடுத்தான்.

மஹேஷ் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வரப் போனக்காட்டுக்குப் போனபோது சுடலைக்கண்ணுவும் கூடப் போயிருந்தான். ஆவுடைத்தாய் காட்டு நெல்லிக்காய் ஊறுகாயை ஒரு பாட்டிலில் அடைத்து மகனுக்குக் கொடுத்தாள். சுடலைக்கண்ணுவைப் பார்த்து, "நீங்க மூத்தவுக. பாத்துக்கிடுங்க" என்றாள்.

அந்த பாட்டிலை விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

ரஷ்யாவில் இறங்கிய மூன்றாம் நாள் ஒரு பள்ளிக்கூடம் போன்ற கட்டடத்தில் வரிசையில் நிற்க வைத்து, படிக்கத் தெரியாத எழுத்தில் இருந்த காகிதங்களில் கையெழுத்து வாங்கினார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். லிபினின் போன் அன்றிலிருந்து அணைந்து கிடந்தது. பிறகு உடுப்பு கொடுத்தார்கள்.

சுடலைக்கண்ணு அந்த உடுப்பைக் கையில் வாங்கியதும், பழக்கதோஷத்தில் தையலைத்தான் முதலில் தடவிப் பார்த்தான். இரட்டைத் தையல் இல்லை. அவன் டெல்லியிலிருந்து வாங்கி விற்ற நகல்களே இதைவிட உறுதியானவை. மார்புச் சட்டையின் முன்பைக்குள் கையை விட்டுப் பார்த்தான். இரும்புத் தகடு இருந்தது. பின்பையில் ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற மஹேஷின் சட்டையில் பின்னால் இருந்தது, முன்னால் இல்லை. தன் தகட்டை உருவி மஹேஷின் முன்பையில் செருகினான். மஹேஷ் அதைத் திரும்ப எடுத்து அவனுடையதில் செருகினான். இப்படி இரண்டு முறை நடந்தது. பின்னால் நின்ற ஒருவன் கத்தவே விட்டுவிட்டார்கள்.

அவனைக் குழப்பியது இன்னொன்று. யார் தோளிலும் எதுவும் இல்லை. இத்தனை வருடம் ஒரு மனிதனின் தோளைப் பார்த்தே அவனுக்கு எப்படி வணக்கம் சொல்ல வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தவன் அவன். இங்கே அதிகாரி யார், சிப்பாய் யார் என்று தெரியவில்லை. நட்சத்திரம் குத்தியவனை டிரோன் தேடி வந்து அடிக்கும் என்பதால் எல்லோரும் சின்னங்களைப் பிய்த்து எறிந்துவிட்டார்கள் என்று, ஹிந்தி பேசுகிற ஒரு நேபாளி சொன்னான். டெல்லி போய்வந்த பழக்கத்தில் சுடலைக்கண்ணுவுக்கு ஹிந்தி ஓரளவு புரியும். எவன் அதிகமாகக் கத்துகிறானோ அவனை அதிகாரி என்று வைத்துக்கொண்டான்.

ஒரே ஒரு அடையாளம்தான் உண்டு. இடது கையிலும் வலது தொடையிலும் ஒட்டுநாடா சுற்றிக் கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கத்துக்காரர்களின் உடுப்பும் சேற்றில் ஒன்றாகத்தான் தெரியும், அந்த நாடாவைப் பார்த்துத்தான் சுட வேண்டும், சுடாமல் விட வேண்டும் என்றான் நேபாளி.

"நம்மோடது என்ன கலர்?" என்று மஹேஷிடம் கேட்டான் சுடலைக்கண்ணு.

"சிவப்பு, அண்ணாச்சி. பாத்தா தெரியலியா?"

"அவங்களோடது?"

"இந்தப் பக்கமெல்லாம் பச்சையாம்."

மஹேஷ் சொல்லி முடித்த பிறகுதான் சுடலைக்கண்ணுவின் முகத்தைக் கவனித்தான். ரிப்பன் சுருள்களின் பின்னால் பெயர் எழுதி ஒட்டியிருந்ததைச் சாலையில் தினமும் பார்த்தவன்தானே. குரலைத் தாழ்த்தி, "யாருட்டயும் சொல்லாதிய. என்கூடயே நில்லுங்க. நான் பாத்துச் சொல்லுதேன்" என்றான்.

ஹெல்பர் வேலை என்று சொன்னது முழுப்பொய்யும் இல்லை. சில வாரம் சுடக் கற்றுக்கொடுத்துவிட்டு, பதுங்கு குழி வெட்டவும் குண்டுப் பெட்டி சுமக்கவும் விட்டார்கள். மூட்டை சுமந்து பழகிய மஹேஷுக்கு அது பெரிதில்லை. எங்கே போனாலும் சேர்ந்தே போனார்கள். எதிரே ஆள் தெரிந்தால் மஹேஷ் "நம்மாளு" என்பான். அதைக் கேட்ட பிறகுதான் சுடலைக்கண்ணுவுக்கு மூச்சு வரும்.

அது நடந்தது ஒரு மத்தியானம். வயலுக்கு நடுவே நீளமாக ஓடிய மரவரிசை ஒன்றின் வழியாகக் குண்டுப் பெட்டிகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். இலையில்லாத மரங்கள். வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. தையல் மெஷின் ஓடுவது போல மேலே ஒரு சத்தம் கேட்டது. இருவரும் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மஹேஷ் முன்னால் ஓடினான். வெடித்தபோது சுடலைக்கண்ணுவின் தோளில் சூடாக ஏதோ இறங்கியது. மஹேஷ் விழுந்து கிடந்தான். வலது தொடை கிழிந்திருந்தது.

பக்கத்திலிருந்த பள்ளத்துக்குள் அவனை இழுத்துப் போட்டான். மார்புச் சட்டையில் ரத்தம் நிறுத்தும் பட்டை ஒன்று தொங்கும். அதே மாதிரிப் பட்டையை அவன் கடையில் நூற்றுக்கணக்கில் விற்றிருக்கிறான். பைக் பையன்கள் அழகுக்காகத் தோளில் மாட்டிக்கொள்ள வாங்குவார்கள். தொடையில் சுற்றி, அதை இறுக்குகிற குச்சியைத் திருகினான். பாதித் திருகலில் குச்சி முறிந்தது. தன்னுடையதை எடுத்துக் கட்டினான். அது முறியவில்லை. ரத்தம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மஹேஷுக்கு நினைவு தப்பிவிட்டது.

அப்போதுதான் மரவரிசையின் அந்தக் கோடியில் இரண்டு பேர் வருவது தெரிந்தது. குனிந்து, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஒருவன் முதுகில் நீளமாகச் சுருட்டிய ஏதோ ஒன்று இருந்தது. ராக்கெட் குழாயா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. கையில் நாடா கட்டியிருந்தது நன்றாகத் தெரிந்தது. அதன் நிறம் தெரியவில்லை. சேறு அப்பிய அந்தச் சட்டைக் கையில், காய்ந்த புல்லின் நிறத்தில் ஒரு பட்டை, அவ்வளவுதான்.

"மஹேஷ். மஹேஷ். பாரு மக்கா. ஒரு தடவ பாருலே."

கன்னத்தில் தட்டினான். கண் திறந்தது, ஆனால் பார்க்கவில்லை.

கூப்பிட்டால், நம்மவர்கள் என்றால் தூக்கிக்கொண்டு போவார்கள். இல்லையென்றால் பள்ளத்துக்குள் ஒரு குண்டை உருட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் பேசியது காதில் விழுந்தது. இரண்டு பக்கத்துப் பேச்சும் அவனுக்கு ஒன்றுதான். அவன் மஹேஷின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்தான். அவர்கள் பள்ளத்துக்கு மிக அருகே வந்து நின்றார்கள். ஒருவன் இரண்டு முறை குரல் கொடுத்தான். பிறகு போய்விட்டார்கள்.

சாயங்காலத்துக்கு முன்னால் மஹேஷுக்கு நினைவு வந்தது. தண்ணீர் கேட்டான். கொடுத்தான்.

"அண்ணாச்சி, யாராவது வந்தாங்களா?"

"இல்ல" என்றான் சுடலைக்கண்ணு.

அதற்குப் பிறகு மஹேஷ் எதுவும் கேட்கவில்லை. இருட்டுவதற்குள் கை குளிர்ந்துவிட்டது.

பின்வரிசைக்கு எப்படி ஊர்ந்து போய்ச் சேர்ந்தான் என்பது அவனுக்கு முழுசாக ஞாபகமில்லை. கால்விரல்கள் இரண்டு குளிரில் செத்துப்போய் வெட்டி எடுத்தார்கள். தோளுக்குக் கட்டுப் போட்ட இடத்தில் அந்த நேபாளி இருந்தான்.

"எங்கே இருந்தீங்க?" என்று ஹிந்தியில் கேட்டான். "ஸ்ட்ரெச்சரோட ரெண்டு பேரை உங்களைத் தேடி அனுப்பினாங்க. மரவரிசை பூராவும் கூப்பிட்டுப் பார்த்துட்டு, யாரும் இல்லைன்னு திரும்பிட்டாங்க."

பல மாதம் ஆஸ்பத்திரி. தூதரகத்தில் யார் யாரோ பேசி, கடைசியில் ஊருக்கு அனுப்பினார்கள். திருவனந்தபுரத்தில் இறங்கியபோது மைக்குகளை நீட்டிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். இசக்கிசெல்வி அவனை அவர்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆட்டோவில் ஏறிய பிறகு அவன் காலைப் பார்த்தாள்.

அவன் முதலில் செய்தது போனக்காட்டுக்குப் போனதுதான். விதுரையிலிருந்து ஏறும் பஸ்ஸில் முழங்கையை ஜன்னலில் ஊன்றி, சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கிப் பார்த்துக்கொண்டே போனான். லயத்து வாசலில் ஆவுடைத்தாய் விறகு பிளந்துகொண்டிருந்தாள். மகன் செத்த செய்தி அவளுக்குப் போனில் முன்பே வந்திருந்தது. உடம்பு வரவில்லை.

"நீங்க கூட இருந்தீகளா?"

"இருந்தேன், அம்மா."

"சொல்லுங்க."

அவன் அடுக்கி வைத்ததெல்லாம் போய்விட்டது. நடந்ததை நடந்தபடியே சொன்னான். தகட்டை மாற்றி மாற்றிச் செருகியதைச் சொன்னான். முறிந்த குச்சியைச் சொன்னான். அந்த இரண்டு பேர் வந்ததைச் சொன்னான். தன் கண்ணைப் பற்றிச் சொன்னான். அவள் விறகின்மேல் உட்கார்ந்து, வெட்டுக்கத்தியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவுக நம்மாளுகளா?"

"ஆமா."

"நீங்க கூப்பிடல."

"கூப்பிடல."

"அவன் கேட்டானா, யாரும் வந்தாங்களான்னு?"

அதை அவன் சொல்லியிருக்கவில்லை. அவளாகக் கேட்டாள்.

"கேட்டான். இல்லன்னு சொன்னேன்."

ஆவுடைத்தாய் எழுந்து உள்ளே போனாள். பால் சேர்க்காத கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நின்றாள். டம்ளரை வாங்கிக்கொண்டு, "கடைசி பஸ்ஸு இப்ப வரும். இனி இங்கே வர வேண்டாம்" என்றாள்.

கடையை இசக்கிசெல்வி நடத்திக்கொண்டிருந்தாள். அவன் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருப்பான். எதிர்ச் சந்தில் ஒரு தையல்காரர் இருந்தார். அவருடைய மெஷின் ஓடத் தொடங்கினால் இவன் எழுந்து கிழக்கேகோட்டைவரை நடந்துவிட்டு வருவான். ஒரு நாள் கல்லூரிப் பையன் ஒருவன் மார்புச் சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "சேட்டா, இது ஒரிஜினல் தன்னே?" என்று கேட்டான். சுடலைக்கண்ணு எழுந்துபோய் அவன் முன்பைக்குள் கையை விட்டான். அட்டைதான் இருந்தது. அதை வெளியே எடுத்துப் பையன் கையில் கொடுத்தான். பையன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டான். இசக்கிசெல்வி அட்டையைத் திரும்பப் பைக்குள் செருகினாள். அந்த மழைக்காலத்தோடு பட்டாளச் சரக்கெல்லாவற்றையும் கொல்லத்து வியாபாரி ஒருவருக்குத் தள்ளிவிட்டார்கள். இப்போது அங்கே மழைக்கோட்டும் தார்ப்பாயும் விற்கிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. பட்டாளம் கடையில் தார்ப்பாய் கிடைக்கும் என்றுதான் சொல்கிறார்கள்.

மஹேஷின் உடம்பு வருகிற செய்தி வந்தபோது கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகியிருந்தது. மரபணுச் சோதனைக்கு ஆவுடைத்தாய் ரத்தம் கொடுத்திருந்தாள். அதை வைத்து ஒப்பிட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து அவளுக்குப் போன் வந்ததும், அவள் சுடலைக்கண்ணுவைக் கூப்பிட்டாள்.

"எனக்கு அங்கே ஒண்ணும் தெரியாது. நீங்க வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் தங்கப்பனுக்குப் போன் செய்தான். ஏன் செய்தான் என்று அவனுக்கே தெளிவில்லை. ஒரு பட்டாளக்காரராவது நிற்க வேண்டும் என்று தோன்றியது.

"தம்பி, அவன் நம்ம ராணுவமில்லியே" என்றார் தங்கப்பன். "எந்த முறையில நான் வந்து நிக்கிறது? மூணு தடவ சுடுறதும், கொடி போர்த்துறதும், அதொண்ணும் நடக்காது, கேட்டோ. யாருக்கும் சல்யூட் அடிக்கவும் எனக்கு அதிகாரமில்லை."

"தெரியும், சுபேதார் சார்."

"எத்தனை மணிக்கு?" என்றார் தங்கப்பன்.

அவர் மெடல் குத்திய கோட்டைப் போடாமல், சாதாரண வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக விமான நிலையத்துக்கு வந்தார். ஆம்புலன்ஸில் முன்னால் ஏறிக்கொண்டார். பெட்டி இரும்புத் தகரத்தால் மூடி ஈயம் ஊற்றி ஒட்டப்பட்டிருந்தது. கூடவே ஒரு சின்ன நீலப் பெட்டியையும் யாரோ கையெழுத்து வாங்கிக்கொண்டு சுடலைக்கண்ணுவிடம் கொடுத்தார்கள்.

லயத்து முன்னால் எஸ்டேட்டில் மிச்சமிருந்தவர்கள் கூடியிருந்தார்கள். பஞ்சாயத்திலிருந்து வந்த ஒருவர் கையில் மூவர்ணக்கொடியை மடித்து வைத்திருந்தார். பெட்டியின் மேல் விரிக்கப் போனார். தங்கப்பன் தடுத்தார். முறையில்லை என்றார். பஞ்சாயத்துக்காரர் கேட்கவில்லை. நம்ம நாட்டுப் பையன்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று குரல் உயர்ந்தது.

ஆவுடைத்தாய் நடுவே வந்து நின்றாள். "கொடி வேண்டாம். யாரும் சண்டை போடாதிய" என்றாள். உள்ளேபோய் ஒரு கம்பளியை எடுத்துவந்து பெட்டியின் மேல் தானே விரித்தாள். எஸ்டேட்டில் ஒரு காலத்தில் தொழிலாளர்களுக்குக் கொடுத்த கம்பளி அது. பெட்டியை அது முழுசாக மூடவில்லை.

பிறகு சுடலைக்கண்ணுவைப் பார்த்தாள்.

"உள்ள அவன்தானா?"

"டெஸ்ட்ல அப்படித்தான் சொல்லுது, அம்மா."

"டெஸ்ட விடுங்க. நீங்கதானே கடைசியாப் பாத்தவுக. நீங்க சொல்லுங்க."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பஞ்சாயத்துக்காரர் கண்ணாலேயே, ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்பது போலப் பார்த்தார். சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவனுக்கு அந்தப் பள்ளம் ஞாபகம் வந்தது.

"எனக்குத் தெரியாது" என்றான். "தெறந்து பாத்தாலும் எனக்கு அடையாளம் தெரியுமான்னு தெரியல."

ஆவுடைத்தாய் தலையை ஆட்டினாள். கோபமா, ஒப்புதலா என்று யாருக்கும் விளங்கவில்லை. "சரி. தூக்குங்க" என்றாள்.

தேயிலைக்கு நடுவே அவள் புருஷனைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தார்கள். ஆள் போதவில்லை. தங்கப்பன் ஒரு மூலையைப் பிடித்தார். சுடலைக்கண்ணு பின்னால் பிடித்தான். விரல் இல்லாத கால் சரிவில் வழுக்கியது. யாரும் வானத்தில் சுடவில்லை, யாரும் பியூகிள் ஊதவில்லை. மண் தள்ளும் சத்தம் மட்டும்தான். மண் மூடிய பிறகு தங்கப்பன் கொஞ்ச நேரம் கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி நிமிர்ந்து நின்றார். சல்யூட் அடிக்கவில்லை. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் சுடலைக்கண்ணு அந்த நீலப் பெட்டியை ஆவுடைத்தாயிடம் கொடுத்தான். அவள் திறந்து பார்த்தாள்.

"என்ன இது?"

"மெடல். அந்த நாட்டுக்காரங்க கொடுத்தது."

"எதுக்கு?"

"தைரியமா இருந்ததுக்கு."

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மழை பெஞ்சா அட்டை கடிக்கும்னு பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டான். நான் முதுகில தூக்கிக்கிட்டுப் போவேன்" என்றாள். மெடலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அதை என்ன செய்தாள் என்று அவனுக்குத் தெரியாது. பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

அவன் புறப்படும்போது அவள் வாசலில் நின்றுகொண்டு, "கலெக்டர் ஆபீஸுக்கு வரச் சொல்லிருக்காங்க. எல்லாம் மலையாளத்திலயும் இங்கிலீஷ்லயும் இருக்கு. நீங்க வருவீகளா?" என்று கேட்டாள்.

"வருதேன்."

அதிலிருந்து அது தொடர்கிறது. லிபின் மேல் கொடுத்த வழக்கு ஒரு பக்கம், வர வேண்டிய நஷ்டஈடு ஒரு பக்கம் என்று ஏதாவது ஒரு ஆபீஸில் ஏதாவது ஒரு நாளைக்கு வரச் சொல்கிறார்கள். ஆவுடைத்தாய் காலை பஸ்ஸில் மலையிறங்கி வருவாள். அவன் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பான். ஆபீஸ் வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். கூப்பிடுகிறவரை அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவனை மன்னித்துவிட்டதாக அவள் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. மத்தியானம் அவன் வாங்கித் தரும் சாப்பாட்டைச் சாப்பிடுவாள். பாதியை வைத்துவிடுவாள்.

அவளுக்கு முட்டுவலி. ஆபீஸ் படிகளில் ஏறிவிடுவாள், இறங்கத்தான் முடியாது. மேல்படியில் நின்று அவன் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் நீட்டுவாள். அவன் பிடித்துக்கொண்டு, அவள் ஒவ்வொரு படியாகக் கால் வைக்கும்வரை நின்று நின்று இறக்கிவிடுவான்.